பச்சிளங் குழந்தையின் இதய அளவு

நல்லூர்க் கோயில் மணியோசை ஊரெங்கும் கேட்கும். காதுக்கு எட்டாத ஒலியும் உலகில் உண்டு. விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிரும் ஒலி மனிதச் செவிக்குப் புலனாகாது. குழந்தையின் நெஞ்சில் வைக்கும் சிறு கருவியோ விநாடிக்கு 80 இலட்சம் தடவைக்கும் மேலாக அதிர வல்லது. அவ்வொலி இதயச் சுவரிற் பட்டு எதிரொலித்து மீளும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்துவிடுகிறார்கள். கதிர்வீச்சு இல்லை, நோவும் இல்லை.

1953ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு லுண்ட் நகரில், எட்லர் என்னும் மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் பௌதிகவியலாளரும் இதயத்தின் அசைவை இம்முறையில் முதன்முதலாகப் பதிவு செய்தனர். கப்பல் கட்டுமிடத்தில் உலோக வெடிப்பைக் கண்டுபிடிக்கும் கருவியையே அதற்கு வழிகாட்டியாகக் கொண்டனர் என்பது வியப்புக்குரியது.

நிறைமாதத்திற் பிறந்த, 3 கிலோ எடையுள்ள குழந்தையின் இடது இதயவறை, விரிந்த நிலையிலே 2 சென்ரிமீற்றர் அகலத்திற்குச் சற்றுக் குறைவாயிருக்கும். பெருநாடியின் அடி ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர். சுவரின் தடிப்போ சில மில்லிமீற்றரே. ஒவ்வொரு துடிப்பிலும் அவ்வறையின் அகலம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சுருங்குகிறது. ஆயினும் 2 கிலோக் குழந்தைக்கும் 4 கிலோக் குழந்தைக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா? பொருந்தாது. ஆகவே உடலின் பருமனோடு ஒப்பிட்டே மருத்துவர் தீர்ப்புக் கூறுவர். நலமுள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு 95 பேர் அடங்கும் எல்லையையே 'இயல்பு' என்கின்றனர். எஞ்சிய ஐவரும் நலமுள்ளவரே என்பதை மறத்தலாகாது.

மற்றொன்று, பிறந்த நாளின் இதயம் மறுவாரத்தின் இதயமன்று. கருப்பையிலே சுவாசப்பைகள் மூச்சு விடாதிருந்தமையால், இரத்தம் அவற்றைத் தவிர்த்துச் செல்ல ஒரு குறுக்குக் குழாயும், சோணையறைகளுக்கிடையே ஒரு துவாரமும் இருந்தன. அக்குழாய் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுள் ஒடுங்கிவிடும். துவாரம் அடைபட மாதங்கள் செல்லலாம். வளர்ந்தோருள்ளும் நால்வரில் ஒருவருக்கு அது முற்றாக மூடுவதில்லை. கருப்பையிலே பெரும்பாரஞ் சுமந்த வலது இதயவறையின் சுவரும், பிறக்கும்போது இடதின் சுவரளவு தடித்தேயிருக்கும்.

'சிறு துவாரம் உண்டு' என்று அறிக்கையிற் கண்டதும் தாய்மார் சிலர் கலங்கிப் பாலூட்டவும் மறந்துவிடுகின்றனர். அது எவ்வகைத் துவாரம், மீண்டும் எப்போது பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டறிக. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எண்மருக்கு மெய்யான இதயக் குறை இருத்தலால், அலட்சியமும் ஆகாது. நாவும் உதடும் நீலம் பாரித்தால், பால் குடிக்கையில் வியர்த்து மூச்சு வாங்கினால், எடை ஏறாதிருந்தால், துடக்குக் கழியட்டும் என 31ஆம் நாள் வரை காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. நல்லூர் வாசிகளுக்கு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை அண்மையிலேயே உள்ளது.