வராத ஆளுக்காகக் காத்திருக்கும் கணினி

தோப்பூரில் ஒரு மதர்போர்ட் செத்துப்போவது பெரிய புதினமில்லை. கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று ஒருபுறம், போய்ப்போய் வரும் கரண்ட் மறுபுறம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று போய் மாட்டியதில் நாடே இருண்டது என்றார் மின்சக்தி அமைச்சர். கரண்ட் போகும்போதைவிட, திரும்பி வரும் அந்தக் கணத்தில்தான் பவர் சப்ளைக்கும் போர்டுக்கும் கண்டம்.

ஆகவே போர்ட் மாற்றப்படுகிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவிலிருந்து புதிதாகவோ, எங்கோ கழற்றிய பழையதாகவோ ஒன்று வருகிறது. பூட்டினால் ஓடுகிறது. ஆனால் முன்பு அரை நிமிடத்தில் திறந்த கணினி இப்போது இரண்டு, மூன்று நிமிடம் எடுக்கிறது. “போர்ட் சரியில்லை தம்பி” என்பார் வாங்கியவர். “விண்டோஸை அழிச்சுப் போடுவோம்” என்பார் திருத்துபவர். இரண்டுமே அவசர முடிவுகள். போர்ட் மாற்றியபின் வரும் தாமதத்தில் பெரும்பங்கு வேலை செய்வதால் வருவதில்லை, காத்திருப்பதால் வருகிறது. இப்போது இல்லாத ஏதோ ஒன்றுக்காக, ஐந்து பேர் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்துவிட்ட சஹனில் ஆறாவது ஆள் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பதுபோல, கணினி சும்மா நிற்கிறது.

அதைக் கண்டுபிடிக்கக் கைபேசியிலுள்ள நிறுத்தற்கடிகாரம் போதும். பொத்தானை அமுக்கியதிலிருந்து விண்டோஸின் சுழலும் புள்ளிகள் தெரியும் வரை ஒரு கணக்கு. அங்கிருந்து திரை முழுதாக வரும்வரை இன்னொரு கணக்கு. முதற்பகுதி போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயோஸின் பொறுப்பு, விண்டோஸுக்கு அதில் பங்கே இல்லை. பயோஸின் புதிய வடிவமான யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் தொடங்கும் கணினியானால் டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் ‘லாஸ்ட் பயோஸ் டைம்’ என்று செக்கன் கணக்கு எழுதியே இருக்கும். அங்கே 50, 60 என்று நின்றால் விண்டோஸை எத்தனை தரம் அழித்துப் போட்டாலும் ஒரு செக்கன்கூடக் குறையாது.

ஒவ்வொரு முறையும் அளந்து எழுதிவையுங்கள். உண்மையான வேலைக்கு எடுக்கும் நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். காத்திருப்பு மாறாது. எவரோ ஒரு நிரலாளர் “இவ்வளவு நேரம் பார், வராவிட்டால் விட்டுவிடு” என்று எழுதிவைத்த எண் அது. தினமும் 60, தினமும் 90 என்று வந்தால் அங்கே எவருக்காகவோ காவல் நடக்கிறது.

60க்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது வலையமைப்பு வழித் தொடக்கம். புதிய போர்டில் பயோஸ் அமைப்பு தொழிற்சாலையில் இருந்த நிலைக்கு வந்துவிடும். சில போர்டுகளில் அப்போது ஹார்ட் டிஸ்க்குக்கு முன்பாக வலையமைப்பு நின்றுவிடுகிறது. ரௌட்டர் வயர் குத்தியிருந்தால் கணினி அதன் வழியே “எனக்கு இயங்குதளம் தர எவராவது உண்டா?” என்று கேட்கும். இதற்கென வகுத்த விதிமுறையில் நான்கு முறை கேட்க வேண்டும். காத்திருக்கும் நேரம் 4, 8, 16, 32 செக்கன். கூட்டினால் சரியாக 60. பெரிய அலுவலகங்களுக்கு உதவும் ஏற்பாடு இது. வீட்டில் பதில் சொல்ல எவரும் இல்லை. வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை தொடங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு பயோஸில் டிஸ்க்கை முதலாவதாக வைத்துவிடலாம்.

லினக்ஸ் பாவிப்பவர்களுக்குரிய எண்கள் 90, 120. பழைய போர்டில் பூட்டியிருந்த இரண்டாவது டிஸ்க்கைப் புதிய போர்டில் பூட்டாமல் விட்டால், தொடக்கத்தில் இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலில் அதன் பெயர் இருக்கும்வரை லினக்ஸ் 90 செக்கன் தேடும். வலையமைப்பு அட்டையின் பெயர் அது போர்டில் குந்தியிருக்கும் இடத்தைப் பொறுத்தது; போர்ட் மாறினால் பெயரும் மாறும், பழைய பெயருக்காக 120 செக்கன் வரை காவல் தொடரக்கூடும். லினக்ஸின் ஒரு நல்ல குணம், எதற்கு எத்தனை செக்கன் போனது என்று கேட்டால் வரிசையாக ஒப்புவிக்கும். விண்டோஸில் அதே தகவலை ஈவன்ட் வியூவருக்குள் தோண்டியெடுக்க வேண்டும்.

பழைய போர்ட் வாங்கியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதிலுள்ள காசு வடிவ பட்டரி. சி.ஆர். 2032 என்று பொறித்திருக்கும், 3 வோல்ட். பயோஸ் அமைப்பையும் கடிகாரத்தையும் கரண்ட் இல்லாத நேரத்தில் காப்பாற்றுவது அதுதான். நம் வீடுகளில் இரவில் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம். பட்டரி செத்திருந்தால் காலையில் போர்ட் எல்லாவற்றையும் மறந்து எழும்பும். நீங்கள் நேற்று மாற்றிய தொடக்க வரிசையும் போய்விடும். திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருந்தால் இதுதான் காரணம். திகதி பிழைத்தால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களும் செல்லாமல் போகும், “நெட்டும் வேலை செய்யவில்லை” என்று இன்னொரு முறைப்பாடு சேரும்.

உண்மையிலேயே வேலை செய்வதால் வரும் தாமதமும் உண்டு. 1981 ஒகஸ்டில் வந்த ஐ.பி.எம். கணினி நினைவகத்தை முழுக்கச் சோதித்துவிட்டுத்தான் எழும்பும். அணைக்காமல் மறுதொடக்கம் செய்தால், நினைவகத்தின் ஒரு குறித்த இடத்தில் பதினறும 1234 இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் சோதனை வேண்டாம். அதே சிக்கல் இன்று வேறு உருவில் வந்திருக்கிறது. இன்றைய நினைவகமான சாதாரண டி.டி.ஆர். 5 ரெம்மின் ஒரு கம்பியில் செக்கனுக்கு 480 கோடி பிட்டுகள் போகின்றன. ஒரு பிட்டுக்குரிய நேரத்தில் சமிக்ஞை போர்டில் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர்தான் ஓடும். எந்தக் கம்பி எவ்வளவு பிந்துகிறது என்று போர்ட் ஒவ்வொன்றாக முயன்று படிக்க வேண்டும். முதல்முறை கறுப்புத் திரையோடு பல நிமிடம் நிற்பது அதனால்தான். பயந்து மெயினை அணைத்தால் படிப்பு மறுபடி முதலிலிருந்து. படித்ததைச் சேமித்து அடுத்த முறை பாவிக்கும் வசதி பயோஸில் நிறுத்தப்பட்டிருந்தால் தினமும் இந்தக் கூத்து நடக்கும்.

பழைய டி.டி.ஆர். 3 ரெம்மில் இந்தப் படிப்புச் சுருக்கம். அங்கே வில்லன் அழுக்கு. ரெம்மைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், தங்கநிறப் பற்களின் நுனியில் மங்கலாக ஒரு படலம் தெரியும். வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, இரு பக்கமும் ‘டிக்’ என்று கேட்கும்வரை அமுக்க வேண்டும். தொடுகை சரியில்லாவிட்டால் போர்ட் தானாக இரண்டு மூன்று தரம் அணைந்து எழும்பிவிட்டுத்தான் படம் காட்டும்.

டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா வயரையும் மாற்றிப் பாருங்கள். போர்ட் மாற்றும்போது இழுபடுவது அதுதான். வயர் பிழைத்தால் தரவு பிழையாகப் போய், திரும்பத் திரும்ப அனுப்பப்படும். டிஸ்க்கின் சுயபரிசோதனைப் பதிவில் 199ஆம் வரி ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றம் வயரில்தான். எச் 81 வகைப் போர்டுகளில் நான்கு சாட்டா வாய்களில் இரண்டுதான் வேகமானவை. எஸ்.எஸ்.டி.யை மற்றதில் குத்திவிட்டோமே என்று பலர் கவலைப்படுவார்கள், தேவையில்லை: தொடக்கத்தில் வாசிக்கப்படுவது சில்லறைச் சில்லறையாக, அங்கே இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நிமிடத்துக்கு 7200 தரம் சுழலும் ஹார்ட் டிஸ்க்கோ அப்படிச் சில்லறையாகச் செக்கனுக்குச் சுமார் 80 வாசிப்புகளுக்கு மேல் தராது. அது இன்னும் இருந்தால், போர்டுக்குக் கொடுத்த காசை அதை எஸ்.எஸ்.டி.யாக மாற்றக் கொடுத்திருக்கலாம்.

விண்டோஸ் முதற்தடவை புதிய சாதனங்களை அடையாளம் கண்டு மந்தமாக எழும்புவது இயல்பு, இரண்டாம் மூன்றாம் தடவையில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் போர்ட் தயாரித்தவரின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவரைப் போடுங்கள்.

போர்ட் இன்னும் முழுதாகச் சாகாமல், மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், கழற்றுவதற்கு முன் இரண்டைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, கணினி பழைய பயோஸ் முறையில் தொடங்குகிறதா யூ.ஈ.எஃப்.ஐ. முறையிலா என்பது. மற்றது, டிஸ்க் விண்டோஸின் பிட்லொக்கரால் பூட்டியிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி. பூட்டைத் தானாகத் திறக்கும் சிப் பழைய போர்டோடு போய்விடும். புதிய போர்டில் முதல் திரையே அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்.