கச்சான் பட்டர் தடவிய குச்சிகள்

எங்கள் வீட்டுச் சீனிப் போத்தல் எப்போதும் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில்தான் இருக்கும். எறும்புக்கு எதிராக உம்மா வெட்டிய அகழி அது. ஹவாய்த் தீவுகளில் இருப்பவர்களோ எறும்புக்கு விருந்து வைத்து அழைக்கிறார்கள்!

அங்கே 1999 இல் முதன்முதலாக இனங்காணப்பட்டது 'சிறு நெருப்பெறும்பு'. அதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கா. நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர்தான். ஆனால் அது நிலத்தில் மட்டுமல்ல, மரங்களிலும் கூடு வைக்கும். கிளை அசைந்தால் மழைபோல் உதிர்ந்து, பழம் பறிப்பவரின் கழுத்துக்குள் விழுந்து கொட்டும். நாய், பூனைகளின் கண்பார்வை மங்குவதற்கும் இதுவே காரணம் என்கிறார்கள்.

இவ்வளவு சிறிய உயிரியை அதிகாரிகள் வீடு வீடாகத் தேடி முடியுமா? அதனால்தான் பொதுமக்களிடம் அந்த வேலையைக் கேட்டார்கள். சொப்ஸ்டிக் குச்சிகளின் நுனியில் கச்சான் பட்டரை மெல்லியதாகத் தடவி, பூச்சாடிகளிலும் மரத்தடியிலும் ஒரு மணித்தியாலம் வைக்க வேண்டும். பிறகு எறும்புகளோடு பையில் இட்டு, ஃபிரீசரில் ஒரு நாள் வைத்து, பரிசோதனைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள். எங்கள் உயிரியல் செய்முறைகளில் இப்படி ஒன்று இருந்தால் நான் ஒரு நாளும் பிந்தி வரமாட்டேன்.

எறும்பு இருப்பது உறுதியானால் நாம் உடனே மருந்து தெளிக்கத்தான் நினைப்போம். அது வெளியே திரியும் வேலைக்கார எறும்புகளைத்தான் கொல்லும். ஒரு கூட்டத்திலேயே பல இராணிகள் உண்டு. அவை உள்ளே முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே மெதுவாக வேலை செய்யும் நஞ்சை இரையில் கலக்கிறார்கள். வேலைக்கார எறும்புகளே அதைச் சுமந்து சென்று இராணிகளுக்கு ஊட்டிவிடும். மரக்கூடுகளுக்கு, கிளையில் ஒட்டிக்கொள்ளும் பசை போன்ற இரை. அதிலும் கச்சான் பட்டர் உண்டு.

இதை ஆறு வாரத்துக்கு ஒரு முறை என ஏறத்தாழ ஒரு வருடம் தொடர வேண்டும். சிக்கலே இங்குதான், தோழியரே. பத்து வீட்டார் ஒழுங்காக இரை வைத்து, பதினோராவது வீட்டார் "எங்களுக்கு வேண்டாம்" என்று கேற்றைப் பூட்டிக்கொண்டால், அந்தத் தோட்டத்திலிருந்து எறும்பு மீண்டும் ஊர்ந்து வரும். இந்த எறும்பைத் தூர இடங்களுக்குக் கொண்டுபோவதும் மனிதர்களே. அயலாருக்கு அன்பாகக் கொடுக்கும் ஒரு பூச்சாடி போதும்.

மவுயி தீவில் 2009 இல் ஒரு பண்ணையில் இது கண்டுபிடிக்கப்பட்டது. பரவ முன்னரே பிடிபட்டதால் அங்கிருந்து முற்றாக அழிக்க முடிந்தது. ஹவாய்ப் பெருந்தீவிலோ அந்தக் கட்டம் எப்போதோ கடந்துவிட்டது. அங்குள்ளவர்கள் இப்போது அயலவரோடு நாள் குறித்து, ஒரே நேரத்தில் இரை வைக்கிறார்கள்.