சாம்பல் நிறத்தில் ஒரு ‘வேண்டாம்’

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் 30 நாள் மறுவீட்டு விருந்து மாதிரி. கேட்காமலே இலையில் எல்லாம் விழும். ஆண்ட்டி வைரஸ் இலவசம், போட்டோ எடிட்டர் இலவசம், இண்டர்நெட்டில் பைல்களைப் போட்டு வைக்க இடம் இலவசம். 31ஆம் நாள்தான் அந்த இலைக்குப் பில் வரும். அப்படி வந்த ஒரு பில்லைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதப் போகிறேன்.

பில் வந்தது என் சித்தப்பாவுக்கு. அருப்புக்கோட்டையில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டைக்கூட நோட்டில் எழுதுவார். நூலக வாசகர் வட்டத்தின் வரவு செலவை எக்ஸெல்லில் போட வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் ஒரு லேப்டாப் வாங்கினார். செப்டம்பர் கடைசியில் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, ஒரு விஷயம். உன் சித்திக்குத் தெரிய வேண்டாம். பேங்க்ல இருந்து 2,499 ரூபா போயிருச்சு. நான் எதுவும் வாங்கலைப்பா.”

மோசடிக்காரர்களின் வேலை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். விசாரித்தால், பணத்தை எடுத்தது லேப்டாப்புடன் வந்த ஆண்ட்டி வைரஸ் கம்பெனி. பெயர் வேண்டாம். ஒரு மாதம் இலவசம் என்று சிவப்பு விண்டோ ஒன்று வந்திருக்கிறது. கார்டு நம்பரைக் கேட்டது, கொடுத்தார். ஓடிபி கேட்டது, அதையும் கொடுத்தார். கழிந்தது 2 ரூபாய்தான். “கார்டு சரியா இருக்கான்னு பார்க்கிறாங்கன்னு நினைச்சேன்” என்றார். அது உண்மைதான். ஆனால் அதே ஓடிபி, ஆண்டுதோறும் பணம் எடுத்துக்கொள்ள அவர் கொடுத்த சம்மதமும்கூட. அந்த வரி பட்டனுக்குக் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. அவருக்கு ஒரு கண்ணில் புரை நீக்கியிருக்கிறது. மற்றொன்று இன்னும் பாக்கி.

இதில் ஒரு வேடிக்கை. இருபதாவது நாளே அந்த புரோகிராமைச் சித்தப்பா நீக்கிவிட்டார். நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறது என்ற எரிச்சலில், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு அன்இன்ஸ்டால் செய்திருக்கிறார். அதோடு தொல்லை தீர்ந்தது என்று இருந்துவிட்டார்.

புதிய வாசகர்கள் இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்வது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. முன்னது உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் நடப்பது. பின்னது அந்தக் கம்பெனியின் சர்வரிலும் உங்கள் வங்கியிலும் இருப்பது. டிவியைத் தூக்கி வெளியே போட்டுவிட்டால் கேபிள்காரர் மாதச் சந்தா கேட்டு வரமாட்டாரா என்ன? போனில் ஒரு ஆப்பை நீக்கினாலும் இதே கதைதான்.

ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல், இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்தவும் அதில் வழி இருக்க வேண்டும். சித்தப்பாவுக்கும் அந்த எஸ்எம்எஸ் வந்திருந்தது. ஆங்கிலத்தில், ஒரு லிங்க்குடன். பார்த்தவுடன் அழித்துவிட்டார். “தெரியாத லிங்க்கைத் தொடாதேன்னு நீதானே சொன்னே?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. திருடனும் லிங்க் அனுப்புகிறான், திருட்டைத் தடுக்க வேண்டியவர்களும் லிங்க்தான் அனுப்புகிறார்கள். அறுபது வயதுக்காரர் எதை நம்புவார்? லிங்க்கைத் தொடாமலே வேலையை முடிக்கலாம் என்பது மட்டும்தான் ஆறுதல். உங்கள் வங்கியின் ஆப்பையோ வெப்சைட்டையோ நீங்களே திறந்து, கார்டு பகுதியில் ‘ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ அல்லது ‘இ-மேண்டேட்’ என்ற இடத்தைத் தேடுங்கள். யுபிஐ ஆப் என்றால் ‘ஆட்டோபே’ என்று இருக்கும். யார் யாருக்கு உங்கள் பணத்தை எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் அங்கே தெரியும். நான் என் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மூன்று இருந்தன. இரண்டு எனக்கே மறந்து போனவை.

யாருடைய தப்பு?

சித்தப்பாவுக்குப் பணம் போனதைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. “முப்பது வருஷம் அடுத்தவன் கணக்கைச் சரி பார்த்தவன்ப்பா நான்” என்று இரண்டு முறை சொன்னார். டீக்கடையில் நண்பர்களிடம் யாருக்கோ நடந்தது போலச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒருவர், “படிக்காம அமுக்கினா அவன் தப்புதானே” என்றாராம். இன்னொருவர், “இதெல்லாம் நம்ம அரசாங்கம் கண்டுக்காது” என்றாராம். நம் ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனிகளைப் பற்றிய பொதுக் கருத்து பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

முதலாவது ஏன் தவறு என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால் அந்த மாதிரி பட்டனை நானே செய்திருக்கிறேன்.

இன்ஜினியரிங் முடித்து நான் சேர்ந்த முதல் கம்பெனியில் எனக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, மாதச் சந்தாவை ரத்து செய்யும் பக்கம். முதலில் ஒரே பக்கமாகத்தான் எழுதிக் கொடுத்தேன்: ‘ரத்து செய்யவா? ஆம் / இல்லை’. திரும்பி வந்தது. காரணம் கேட்கும் பக்கம் ஒன்று சேர்க்கச் சொன்னார்கள். பிறகு சலுகை காட்டும் பக்கம். பிறகு, ‘நீங்கள் இழக்கப் போவது’ என்று ஒரு பக்கம். ‘தொடர்கிறேன்’ பட்டன் பெரிதாக, நீல நிறத்தில். ‘ரத்து செய்’ என்பது பட்டனே இல்லை, சாம்பல் எழுத்து. வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு ஒரு வடிவத்தையும் மீதிப் பேருக்கு இன்னொரு வடிவத்தையும் காட்டி, எதில் குறைவான ஆட்கள் ரத்து செய்கிறார்களோ அதையே வைத்துக்கொள்வோம். இதற்கு ஏ/பி டெஸ்ட்டிங் என்று பெயர். படிக்காமல் அமுக்குகிறவர்கள் எத்தனை பேர் என்று அளந்து பார்த்து, அந்த எண்ணிக்கை கூடுகிற மாதிரி கட்டியதுதான் அந்தப் பக்கம். அப்புறம் படிக்காதவன் தப்பு என்றால் எப்படி?

பார்வைக் குறைவு உள்ளவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக டபிள்யூ3சி அமைப்பு வெப்சைட்டுகளுக்கு வகுத்த விதிமுறையில், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மற்ற பக்கங்களில் அதைச் சரியாகக் கடைப்பிடித்தோம். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் விட்டுவிட்டோம். அப்போது எனக்கு 22 வயது. அந்த மாதம் குழுவுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள், நானும் சாப்பிட்டேன்.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கில்லை. அமேசானின் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு, அந்தக் கம்பெனிக்குள் வழங்கிய பெயர் ‘இலியட்’. ட்ராய் போரைப் பாடும் நீண்ட கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 ஜூனில் தொடுத்த வழக்கிலும் இது இடம்பெற்றது. 4 பக்கங்கள், 6 கிளிக்குகள், 15 தேர்வுகளைத் தாண்டினால்தான் சந்தா ரத்தாகும் என்பது குற்றச்சாட்டு. சித்தப்பாவுக்குப் பணம் போன அதே 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலர் கொடுக்க அமேசான் சம்மதித்தது. அதில் 100 கோடி அபராதம். 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர.

நம் ஊரில் என்ன இருக்கிறது?

இத்தகைய தந்திரங்களுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று 2010இல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் இவற்றில் 13 வகைகள் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டுள்ளன. எல்லாவற்றையும் இங்கே அடுக்கப் போவதில்லை. சித்தப்பாவின் லேப்டாப்பில் மட்டும் குறைந்தது நாலு இருந்தன. ரத்து செய்ய விடாமல் சுற்ற விடுவது ஒன்று. வேண்டியதைப் பெரிதாகவும் வேண்டாததை மங்கலாகவும் காட்டுவது ஒன்று. ஓயாமல் வந்து நச்சரிப்பது ஒன்று. நாலாவதுதான் எனக்குப் பிடித்தது: வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுவது. விமான டிக்கெட் வாங்கும்போது இன்சூரன்ஸ் வேண்டாம் என்றால் ‘நான் பாதுகாப்பில்லாமல் இருந்துகொள்கிறேன்’ என்ற வாசகத்தை அமுக்க வைப்பதை அந்த விதிகளே உதாரணமாகச் சொல்கின்றன. சித்தப்பாவின் திரையிலும் ஏறக்குறைய இதே வாசகம்தான்.

ஆக, அரசாங்கம் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. கண்டுகொண்டது போதுமா என்று கேட்டால், போதாது. இந்த விதிகளில் தனியாக அபராதத் தொகை எதுவும் எழுதப்படவில்லை. மீறினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவுகள் பொருந்தும் என்பதோடு சரி. 2025 ஜூனில், இணைய வணிக நிறுவனங்கள் 3 மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று ஆணையம் சொன்னது. பரீட்சை எழுதியவனிடமே பேப்பரைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால் யார் பெயிலாவார்கள்? சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, “எங்க சங்கத்துல இப்படி ஆடிட் வச்சிருந்தா ஊரே எங்களுது” என்றார். முதல் முறையாகச் சிரித்ததும் அப்போதுதான்.

சரி, பணத்துக்கு வருவோம். முதலில் அந்தக் கம்பெனிக்கே மெயில் அனுப்பினோம். ‘எங்கள் விதிகளின்படி இயலாது’ என்று பதில் வந்தது. அடுத்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண் இது, கட்டணம் கிடையாது. 17 மொழிகளில் பேசலாம், தமிழும் உண்டு. சித்தப்பாவையே பேசச் சொன்னேன். தேதி, தொகை, கார்டிலிருந்து போன விவரம், மெயில் பதில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, சங்கப் பேரவையில் கணக்கு வாசிக்கும் குரலில் வாசித்தார். ‘டார்க் பேட்டர்ன்’ என்ற சொல்லையும் மறக்காமல் சொன்னார். புகார் எண் ஒன்று தந்தார்கள். 23ஆம் நாள் 2,499 ரூபாயும் கார்டுக்கே திரும்பி வந்தது. தப்பு எங்களுடையது என்று கம்பெனி சொல்லவில்லை, ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்றது.

இது நீதிமன்றம் இல்லை, பேசித் தீர்க்கும் இடம் மட்டுமே. கம்பெனி மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகார் கட்டணம் இல்லை.

லேப்டாப்பில் ஆண்ட்டி வைரஸே இல்லாமல் எப்படி என்று சிலர் கேட்பீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாப்டின் டிஃபெண்டர் கூடவே வருகிறது. வேறு ஆண்ட்டி வைரஸை நீக்கியதும் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து. விண்டோஸ் அப்டேட்டுகளைத் தள்ளிப் போடாதவரை. ‘உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் உள்ளது’ என்று சிவப்பு விண்டோ வந்தால், அதை அமுக்குவதற்கு முன் ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து பாருங்கள். அங்கே பச்சை டிக் இருந்தால் சிவப்பு விண்டோ வியாபாரம் செய்ய வந்தது.

ஒரு வேலையை மட்டும் இன்றே பழகிக்கொள்ளலாம். கார்டு நம்பர் கேட்கும் எந்தப் பக்கத்திலும், பணம் கட்டுவதற்கு முன் விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி அந்தப் பக்கத்தை மவுஸால் வளைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு நம்பரை டைப் செய்வதற்கு முன்பே எடுப்பது நல்லது. கம்பெனி பின்னால் பக்கத்தை மாற்றிவிடலாம், உங்கள் படம் மாறாது. எங்களிடம் அப்படி ஒரு படம் இருந்திருந்தால் அந்த 23 நாள் தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

“நீ செஞ்சியே ஒரு பக்கம், அது இப்பவும் அப்படியே இருக்கா?” என்று சித்தப்பா கேட்டார். அந்தக் கம்பெனியை விட்டு நான் வந்து நாலு வருடமாகிறது. அன்று இரவு உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் குறைந்திருக்கிறது. சாம்பல் எழுத்து அப்படியேதான் இருக்கிறது. அங்கே இன்னும் வேலை பார்க்கும் நண்பனுக்கு 2023 விதிகளை அனுப்பி வைத்திருக்கிறேன். மேலதிகாரியிடம் பேசுகிறேன் என்றான். சித்தப்பா அந்த 2,499ஐ நோட்டில் வரவில் எழுதிவிட்டார், எதற்கு என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. சித்தி அந்த நோட்டைப் பார்ப்பதுண்டு.