விசிறி இல்லாத கணினிக்குள் காற்று

2000-ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க்கில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு கணினியை அறிமுகப்படுத்தினார். பெயர் பவர் மேக் ஜி4 கியூப். பக்கத்துக்கு 8 அங்குலம் உள்ள கனசதுரம். குளிர்விக்க விசிறியே கிடையாது. பிராசசரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட்சிங்க் பெட்டியின் நடுவில் செங்குத்தாக நின்றது. அடியில் ஒரு திறப்பு, உச்சியில் ஒரு திறப்பு. சூடேறிய காற்று மேலே போகப் போக, கீழிருந்து புதுக்காற்று தானாக உள்ளே வந்தது. 1,799 டாலர் விலை சொன்ன அந்தக் கணினி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஓராண்டுக்குள் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் சத்தமில்லாத கணினி வேண்டும் என்று நினைக்கும் எவரும் அதன் காற்றுப்பாதையை இன்றும் உட்கார்ந்து படிக்கலாம்.

சூடான காற்று மேலே எழும் என்பது பள்ளிப் பாடம். எவ்வளவு பலத்தோடு எழும் என்பதுதான் இங்கே முக்கியம். அறைக் காற்றைவிட 10 டிகிரி சூடான காற்று கன மீட்டருக்குச் சுமார் 40 கிராம் மட்டுமே இலேசானது. 40 செ.மீ. உயரமுள்ள கேபினெட் முழுக்க அப்படிப்பட்ட காற்று நிறைந்திருந்தாலும், அதைத் தூக்கிவிடும் அழுத்தம் ஒரு பாஸ்கலில் ஆறில் ஒரு பங்குதான். சாதாரண 120 மி.மீ. கேபினெட் விசிறி 10 முதல் 20 பாஸ்கல் வரை தரக்கூடியது. அதாவது, விசிறியின் பலத்தில் நூறில் ஓரிரு பங்குக்கு மேல் தேறாத ஒரு தள்ளுதலை நம்பித்தான் இந்த வேலை முழுவதும் நடக்கிறது. விசிறிக்குப் பொருட்டே இல்லாத சின்னத் தடைகள் இந்த மெல்லிய ஓட்டத்தை நிறுத்திவிடும். ஆகவே விசிறியில்லாக் கேபினெட்டை மேம்படுத்துவது என்றால், பெரும்பாலும் எதையாவது எடுத்துவிடுவதுதான்.

கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். 100 வாட் சூட்டை, காற்று 10 டிகிரிக்கு மேல் சூடேறாமல் வெளியேற்ற, வினாடிக்கு 8 லிட்டருக்குச் சற்று அதிகமான காற்று ஓட வேண்டும். மேலே சொன்ன அழுத்தத்தில் அவ்வளவு காற்று நுழைய, உராய்வையும் சேர்த்துப் பார்த்தால், அடியில் ஏறத்தாழ 380 சதுர செ.மீ. திறப்பு வேண்டும். வெளியேற உச்சியிலும் அதே அளவு. 20 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள கேபினெட்டின் அடித்தகட்டில் பாதிப்பரப்பு துளையாக இருந்தால்தான் அது கிடைக்கும். அலங்காரத்துக்குப் போட்ட நாலு வரிசைத் துளைகள் போதவே போதாது. தேன்கூடு போல அறுகோணத் துளையிட்ட தகடு நல்லது. துளைகளுக்கு நடுவே இரும்பு குறைவு.

பலர் மறந்துவிடும் இடம் கேபினெட்டின் கால்கள். அடித்தகட்டை எவ்வளவு திறந்துவிட்டாலும், கால்களின் உயரம் 1 செ.மீ. என்றால் சுற்றிலும் காற்று நுழையக் கிடைப்பது 120 சதுர செ.மீ. இடுக்குதான். கால்களை 3 அல்லது 4 செ.மீ. உயர்த்துங்கள். செலவே இல்லாத இந்த மாற்றத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். அடியில் இருக்கும் நெருக்கமான தூசி வடிகட்டியையும் கழற்றிவிடலாம். ஓட்டம் மெதுவாக இருப்பதால் தூசியும் குறைவாகவே வரும், சில மாதங்களுக்கு ஒருமுறை புளோயரால் ஊதிவிட்டால் போதும்.

பழைய ஓட்டு வீட்டின் புகைபோக்கியில் நடுவே ஓட்டை போட்டால் அடுப்படிப் புகை ஒழுங்காக மேலே இழுபடாது. கேபினெட்டிலும் அதே கதை. பக்கவாட்டில், பாதி உயரத்துக்கு மேல் உள்ள துளைகள் வழியாகக் காற்று குறுக்கே புகுந்துவிட்டால், அடியிலிருந்து வர வேண்டியது வராது. பயன்படாத அந்தத் துளைகளை ஒட்டி மூடிவிடுவது நல்லது.

வழக்கமான டவர் கேபினெட்டின் அமைப்பே இந்த வேலைக்கு ஒத்துவராதது. சூடு அதிகம் தரும் பிராசசர் அதில் மேல்பக்கம் இருக்கிறது; அதற்கு மேலே எஞ்சும் சூடான காற்றின் உயரம் ஒரு சாண்கூட இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு குறுக்கே பலகை போட்டதுபோல் படுத்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ் அடியில் உட்கார்ந்து நுழைவாயிலை அடைக்கிறது. சில்வர்ஸ்டோன் நிறுவனம் ரேவன் வகைக் கேபினெட்டுகளில் மதர்போர்டையே 90 டிகிரி திருப்பி வைத்தது. கிராஃபிக்ஸ் கார்டு செங்குத்தாக நின்று காற்றுக்கு வழிவிட்டது. அவற்றில் பெரிய விசிறிகள் உண்டு என்றாலும், அந்தத் திருப்பம் அருமையான யோசனை.

ஹீட்சிங்க்கிலும் இதே தர்க்கம்தான். விசிறிக்காகச் செய்தவற்றில் தகடுகள் 2 மி.மீ. இடைவெளியில் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒட்டி மந்தமான காற்றுப் படலம் ஒன்று இருப்பதால், விசிறி இல்லாதபோது அடுத்தடுத்த படலங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இடைவெளியையே அடைத்துவிடும். 2021-இல் நாக்டுவா வெளியிட்ட என்எச்-பி1 என்ற விசிறியில்லாக் குளிர்விப்பான், ஒரு கிலோவுக்கு மேல் எடை இருந்தும், தடித்த தகடுகள் சிலவற்றை மட்டுமே அகல இடைவெளி விட்டு அடுக்கியிருப்பது இதனால்தான். இன்னொரு வழி, கேபினெட்டையே ஹீட்சிங்க் ஆக்குவது. ஸ்ட்ரீகாம் டிபி4 பெட்டியில் வெப்பக் குழாய்கள் பிராசசரின் சூட்டை வெளிப்புற அலுமினியச் சுவருக்கே கடத்துகின்றன. அங்கே கதிர்வீச்சும் கைகொடுக்கிறது: பளபளப்பான வெற்று அலுமினியம் மிகக் குறைவாகவே வெப்பக் கதிர்களை வீசும், அனோடைஸ் செய்த அலுமினியம் அதைப்போலப் பல மடங்கு வீசும்.

பிராசசரின் வெப்பநிலையை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். விசிறி உள்ள கணினியில் எஸ்எஸ்டிக்கும், பிராசசரைச் சுற்றியுள்ள மின்சப்ளைப் பாகங்களுக்கும் போகிற போக்கில் காற்று கிடைக்கிறது; விசிறியை எடுத்ததும் அது நின்றுவிடும். மின்பகு கபாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அறை சூடேறினால் உள்ளேயும் அதே அளவு ஏறும். குளிர்நாட்டில் 20 டிகிரி அறையில் சோதித்துச் சொன்ன எண்களோடு, சென்னை மே மாதத்துக்கு இன்னும் 15 டிகிரியாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்தச் சூட்டில் 100 வாட்டை முழுக்க இயற்கை ஓட்டத்திடமே ஒப்படைக்க நான் துணிய மாட்டேன். மேலே சொன்ன எல்லாத் தடைகளையும் நீக்கிய பிறகு, உச்சியில் ஒரே ஒரு 140 மி.மீ. விசிறியை வெளியே தள்ளும்படி வைத்து, நிமிடத்துக்கு 400, 500 சுற்றில் ஓட விடலாம். விசிறியின் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் குறைந்துவிடும். காற்று ஏற்கெனவே போக விரும்பும் திசையிலேயே அது தள்ளுவதால் அந்த வேகமே போதும். பயாஸில் அதை ஒரே வேகத்தில் நிறுத்தியும் வையுங்கள். ஏறி இறங்கும் ஓசையைத்தான் காது பிடித்துக்கொள்கிறது.