‘முக்காலா முக்காபுலா’ பிறந்த வீடு

“இது இந்திப் பாட்டுதானே தாத்தா?” என்று செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இல்லை கண்ணுகளா! ஷங்கர் இயக்கி 1994-இல் வெளிவந்த ‘காதலன்’ படத்துக்காக வாலி எழுதி, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்து, மனோவும் சுவர்ணலதாவும் பாடிய தமிழ்ப் பாட்டு அது. படம் ‘ஹம்ஸே ஹை முகாபலா’ என்று இந்தி பேசியபோது மெட்டு அப்படியே நின்றது; சொற்களை பி.கே. மிஸ்ரா மாற்றினார். 2020-இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் டான்ஸர் 3டி’ படத்துக்காக தனிஷ்க் பாக்சி அதைப் புதுப்பித்தார்; ஆடியவர் அதே பிரபுதேவா. ‘முகாபலா’ என்பது அரபிச் சொல். இந்தியில் போட்டி என்று பொருள். இந்தி வழியாகத் தமிழுக்கு வந்த சொல், பாட்டாகி இந்திக்கே திரும்பிப் போனது. பாட்டு ஊர் சுற்றட்டும், நல்லதுதான். ஆனால் 2010-இல் மறைந்த சுவர்ணலதாவின் குரலை நம்ம பிள்ளைகளுக்கு நாமதானே போட்டுக் காட்டணும்?