தேமல்தானா?

ஷா ஆலமில் மருத்துவ ஆய்வகவியல் படிக்கிறேன். விரிவுரையாளர் திரையில் காட்டிய படத்தில் மாநிறத் தோல், வெளிறிய திட்டுகள். "தேமல்" என்றேன். வகுப்பில் பாதிப் பேரின் விடையும் அதுதான். அது வெள்ளணுக்களில் தொடங்கும் லிம்போமா புற்றுநோய்!

பெயர் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். 1806-இல் பிரெஞ்சு மருத்துவர் அலிபெர் முதலில் விவரித்தார். முற்றிய கட்டிகள் காளான்போல இருந்ததால் இந்தப் பெயர். மற்றபடி பூஞ்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெள்ளைத் தோலில் பெரும்பாலும் சிவந்த திட்டாக வரும். நம்மைப் போன்றவர்களுக்கு, குறிப்பாக இளையோருக்கு, வெளிறியும் வரலாம்.

கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியாது. தோலில் சிறு துண்டெடுத்து, மேல்தோலுக்குள் டி வெள்ளணுக்கள் புகுந்துள்ளனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சாயமேற்றி வகை பிரிப்பார்கள். முதல் துண்டில் பிடிபடாமல், மீண்டும் எடுக்க நேர்வதும் உண்டு.

இது அரிய நோய், பயம் வேண்டாம். ஆனால் மருந்து பூசியும் மாதக்கணக்கில் மறையாத திட்டைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.