பசிக்காலத்தில் நிலக்கிருமிகள் செய்துகொள்ளும் ஏற்பாடு

நிலத்திலுள்ள கிருமிகளுக்கு வாயுமில்லை, செவியுமில்லை. ஆயினும் ஆகாரம் குறையுங் காலத்தில் அவை இரசாயனப் பொருள்களை வெளியிட்டு ஒன்றுக்கொன்று செய்தி தெரிவித்துக்கொள்கின்றன. நோய்த் தடுப்புக்காக விதையிற் கலக்கும் கிருமித் தூள்களில் ஒன்று நெடுநாள் தாங்குவதும், மற்றொன்று சில மாதங்களில் வீணாவதும் இதனோடு சம்பந்தப்பட்டவையாதலால், குடியானவர்கள் இவ்விஷயத்தை அறிந்திருத்தல் நலம்.

பாஸில்லஸ் ஸப்டிலிஸ் என்னும் கிருமியினிடத்தில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. உலர்ந்த புல்லை ஊறவைத்த நீரைக் கொதிக்கவைத்த பின்னும் இக்கிருமி மீண்டும் தழைப்பதற்கு, வெப்பந் தாங்கும் அதன் வித்துக்களே காரணமென்று ஜெர்மானிய தாவர சாஸ்திரி பெர்டினாண்டு கோன் 1876-ம் ஆண்டில் வெளியிட்டார். தடித்த உறைகளுக்குள் ஈரம் மிகக் குறைந்து உறங்கும் அவ்வித்துக்கு ஸ்போர் என்று பெயர்.

வித்தாக மாறுவது கிருமிக்கு இலேசான காரியமன்று. அதற்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். முடிவில் தாயணு மாய்ந்து வித்து மாத்திரமே எஞ்சும். மறுநாளே ஒரு மழை பெய்து ஆகாரம் கரைந்து வருமாயின், அவசரப்பட்டு உறங்கிய கிருமி மற்றவற்றிற்குப் பின்தங்கிவிடும். ஆகையால் அது தன் பசியை மட்டும் கொண்டு தீர்மானிப்பதில்லை. அமினோ அமிலங்கள் ஐந்து கோத்த சிறு பொருள்களை ஒவ்வொரு கிருமியும் வெளிவிடுகிறது. கூட்டம் நெருங்கிய இடத்தில் அவை மிகுந்து, கிருமிகளுக்குள் மீளப் புகுந்து, வித்தாவதைத் தடுத்து நிற்கும் தடையை நீக்குகின்றன. நெருங்கி வளர்ந்த கிருமிகளின் நீரை மட்டும் பிரித்தெடுத்து, ஐதாக வளர்ந்த கிருமிகளுக்கு இட்டபோது, பட்டினியில் அவையும் மிகுதியாக வித்தாயின என்று அமெரிக்காவில் கிராஸ்மன், லோஸிக் என்னும் இருவர் 1988-ல் காட்டினர்.

இக்கூட்டுறவை மெச்சுவதற்கு முன் வேறொன்றையும் கூறவேண்டும். முந்திக்கொண்ட கிருமிகள் நஞ்சை வெளியிட்டு, தயங்கி நிற்கும் உடன்பிறப்புகளைக் கொன்று, அவற்றின் உடற்பொருளை உண்டு, வித்தாவதைத் தாமதப்படுத்துகின்றன என்பது 2003-ல் வெளியாயிற்று!

சூடோமோனாஸ் புளூரஸன்ஸ் என்னும் கிருமியோ வித்தாக மாறும் வகையினதன்று. அதன் தூளிலுள்ளவை உயிர்த்த நிலைக் கிருமிகளே; தகரக் கொட்டகையில் வெயிற் சூடேறக் கிடந்தால் அவை மடியும். நிழலிற் குளிர்ச்சியாக வைத்துக் குறித்த கெடுவுக்குள் உபயோகித்தல் வேண்டும். பாஸில்லஸ் தூள் வித்து நிலையில் இருப்பதால் சூட்டையும் நாளையும் தாங்கும்.

ஆனால் உறங்கும் வித்து நோயைத் தடுக்காது. ஈரமும், அலனின் போன்ற அமினோ அமிலங்களும் எட்டினாலன்றி அது விழிப்பதில்லை. வேரினின்று கசியும் பொருள்களே அதற்கு அழைப்பு. அரபிடாப்ஸிஸ் என்னும் சிறு செடியின் இலையை நோய்க்கிருமி தாக்கியபோது, வேர் மாலிக் அமிலத்தை அதிகமாகக் கசியவிட்டு இக்கிருமியைத் தன்பால் ஈர்த்ததாக 2008-ல் கண்டனர். கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் தூளைக் கலந்து, புழுதியில் விதைத்துவிட்டுப் பலனில்லை என்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக. நிலத்திற்கு இடுவதாயின், நன்கு மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, மண்ணில் ஈரமுள்ளபோது மாலை வேளையில் தூவுவதே முறை.